சிறு படகுகளுக்கு ஏற்ற வெளிப்புற இயந்திரம்

கொள்ளிடம் ஆற்றின் கடைமடையிலுள்ள நாதல்படுகை, முதலைமேடுதிட்டு முதலிய கிராமங்களில், 2018-ஆம் ஆண்டிலும் 2022-ஆம் ஆண்டிலும் மேட்டூர் உபரிநீரால் வெள்ளம் புகுந்து, ஜனங்களைப் படகேற்றிக் கரைசேர்க்க நேரிட்டது. இத்தகைய இடங்களில் பயிர் செய்யும் குடியானவர்கள், கழிக்கும் துடுப்புக்கும் பதிலாகப் படகின் பின்பலகையில் மாட்டும் பெட்ரோல் இயந்திரமொன்றை வாங்க விரும்புவது இயல்பே. ஆனால் பெரிய இயந்திரமே சிறந்ததென்றெண்ணிக் கடன்படுதல் கூடாது. கவனிக்க வேண்டிய அம்சங்கள் பின்வருமாறு.

1. பாரம்: முதலில் மொத்தப் பாரத்தைக் கணக்கிடுக. உதாரணமாக, படகு 250 கிலோ, 60 கிலோ நிறையுள்ள நெல் மூட்டைகள் 10-க்கு 600 கிலோ, ஆட்கள் இருவர் 130 கிலோ, இயந்திரமும் எண்ணெயும் 50 கிலோ. ஆகமொத்தம் 1,030 கிலோ. நிதானமாகச் செல்லும் படகிற்கு டன் ஒன்றுக்கு 4 முதல் 5 குதிரைச் சக்தி போதும். எதிர்க்காற்றையும் நீரோட்டத்தையும் கருதி 6 அல்லது 8 குதிரைச் சக்தி கொள்ளலாம்.

2. வேகத்தின் எல்லை: பாரமேற்றிய படகு, தான் எழுப்பும் அலையைத் தாண்டிச் செல்ல மாட்டாது. நீரில் படியும் நீளம் 16 அடியாயின், அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரே. அதற்குமேல் சக்தியைக் கூட்டினால் பின்புறம் அமிழ்ந்து எண்ணெய் விரயமாகுமேயன்றி வேகம் அதிகப்படாது. ஆகையால் வெள்ளம் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுமாயின், எதிர்த்துச் செல்லும் படகு கரையை நோக்க 2 கிலோமீட்டரே நகரும். இயந்திரம் இருக்கிறதென்ற தைரியத்தில் பெருவெள்ளத்தில் ஆற்றைக் கடக்கத் துணிவது ஆபத்து.

3. தண்டின் நீளம்: பின்பலகையின் உயரம் 15 அங்குலமாயின் குட்டைத் தண்டும், 20 அங்குலமாயின் நெட்டைத் தண்டும் வேண்டும். விசிறிக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்திற்குச் சமமாகவோ ஓர் அங்குலம் தாழ்வாகவோ அமைதல் நலம். உயர்ந்திருந்தால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். மிகத் தாழ்ந்திருந்தால் மணலில் இடிக்கும்.

4. விசிறி: பாரம் சுமக்கும் படகிற்கு முறுக்கு குறைந்த விசிறியே ஏற்றது. முழுப் பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டுகையில், தயாரிப்பாளர் குறித்த சுற்று எண்ணிக்கையை இயந்திரம் எட்டவில்லையெனில் விசிறியை மாற்றுக.

5. வகை: இரு வீச்சு இயந்திரம் எடை குறைந்தது; பழுது பார்ப்பது சுலபம்; ஆயின் பெட்ரோலில் மசகெண்ணெய் கலக்க வேண்டும், செலவும் புகையும் அதிகம். நான்கு வீச்சு இயந்திரம் கனமும் விலையும் கூடியது. எண்ணெய்ச் செலவு குறைவு. தினந்தோறும் ஓட்டுபவருக்குப் பின்னதும், எப்போதாவது ஓட்டுபவருக்கு முன்னதும் ஏற்கும்.

6. பராமரிப்பு: உப்பங்கழியில் ஓட்டிய பின், ஒவ்வொரு தடவையும் நல்ல நீரால் உட்புறத்தைக் கழுவுதல் அவசியம். ஓடுகையில் குளிர்நீர்த் தாரை நின்றால் உடனே நிறுத்தி, நீர் உறிஞ்சும் துவாரத்தில் ஆகாயத்தாமரையோ மணலோ அடைத்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

7. உயிர்ப் பாதுகாப்பு: 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்டனர். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியதும், மிதவைச் சட்டை அணியாததும் அவ்விபத்தின் பாடங்கள். இயந்திரத்தின் சக்தி கூடுவதால் படகின் கொள்ளளவு கூடாது. ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இருத்தல் வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரம் தானே நிற்கும்படி, நிறுத்துக் கயிற்றை அவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்க. துடுப்பு ஒன்றும் எப்போதும் படகிலிருக்கட்டும்.

2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், இயந்திரப் படகுகளின் பரிசோதனைக்கும் பதிவுக்கும் விதி செய்துள்ளது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைப் படகுடையவர்களுக்கு எடுத்துரைத்து, ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையைப் படகின் பக்கத்தில் வர்ணத்தால் எழுதும்படி செய்தல் நன்று.

வாங்க விரும்புவோர், தம் படகிலேயே முழுப் பாரமேற்றி, நீரோட்டத்தை எதிர்த்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, செலவான எண்ணெயை அளந்தறிந்த பின்னரே கிரயம் செலுத்துவாராக.