கண்டவரின் சாட்சி

பிறை கண்டதாக ஒருவர் வந்து சொன்னால் நம் பெரியோர் என்ன செய்வார்கள்? எங்கே நின்று பார்த்தீர், எந்தத் திசையில், எந்நேரத்தில், நீரே கண்டீரா அன்றிக் கேள்விப்பட்டீரா என்று விசாரிப்பார்கள். நாட்டுப்புற அரபி ஒருவர் கொண்டுவந்த பிறைச் செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தபின் ஏற்றுக்கொண்டார்கள் என ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அவர் பேரறிஞரல்லர், ஆயினும் கண்ட கண் அவருடையது.

அமெரிக்காவில் 1970-களிலிருந்து நடந்துவரும் ஒரு பொதுத்தொண்டு இதனை நினைவூட்டுகிறது. ஸ்கைவார்ன் என்பது அதன் பெயர். தேசிய வானிலைச் சேவை இலவசமாகக் கற்பிக்கும் ஏறக்குறைய இரண்டு மணிநேரப் பாடத்தைக் கேட்டு, சுமார் மூன்றரை இலட்சம் சாதாரண ஜனங்கள் தங்கள் ஊரின் வானத்தைக் கவனித்துத் தெரிவிக்கிறார்கள்.

ராடார் இருக்க மனிதக் கண் எதற்கு என்று கேட்கலாம். ராடாரின் கதிர் சற்று மேல்நோக்கிச் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு அப்பால் அக்கதிர் தரைக்குமேல் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திற் போய்விடும். டொர்னேடோ என்னும் சுழற்காற்று வீடுகளைப் பெயர்ப்பதோ, அது காணாத அந்தக் கீழ்ப்பகுதியில்!

பாடத்தில் எதைச் சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். இடிமேகத்தின் அடியில் கந்தலாய்த் தொங்கும் மேகத்தைச் சுழற்காற்றென மயங்குவோர் அநேகர். சற்றுநேரம் உற்றுநோக்கி, அது உண்மையாகவே சுழல்கிறதா என்று கண்டபின்பே தெரிவிக்க வேண்டும். ஆலங்கட்டியைக் கோலிக்குண்டு அளவு என்று சொல்ல வேண்டாமாம். கோலிதான் பல அளவில் உண்டே! நாணயத்தோடு ஒப்பிட்டோ, அளந்தோ சொல்ல வேண்டும். 25 மில்லிமீட்டரை எட்டினால் அது கடும்புயல். பிறர் சொல்லக் கேட்டதாயின் அதையும் மறையாது கூற வேண்டும். புயலைத் துரத்திச் சென்று உயிரைப் பணயம் வைப்பது இத்தொண்டில் சேர்ந்ததன்று.

வந்த செய்தியைத் தெளிவு செய்துகொள்ளும்படி பணிக்கும் திருக்குர்ஆன் (49:6), அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடலாகாது என்று காரணமும் காட்டுகிறது. அபாயச் சங்கு இருமுறை வீணாக ஒலித்துவிட்டால், மூன்றாம் முறை மெய்யாகவே ஒலிக்கையில் பதுங்கறைக்கு இறங்குவோர் குறைந்துபோவர்.

நமக்கு டொர்னேடோவைவிட வெள்ளமே பெரிய பயம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் சென்ற வருஷத்தவையும் கலந்திருக்கும். ஆற்றோரம் வசிக்கும் அன்பர்கள் செய்தி அனுப்பும்போது இடம், நேரம், தண்ணீர் படித்துறையில் எத்தனையாவது படிவரை நிற்கிறது, ஏறுகிறதா வடிகிறதா என்ற நான்கையும், தாமே கண்டதா என்பதையும் சேர்த்தெழுதுவார்களாக.