சிறார்க்குத் தமிழ் வாசிப்பும் எழுத்தும்

குவேக்கர்ஸ் ஹில்லிலும் அதனை அண்டிய பிளக்டவுன் பகுதிகளிலும் வாழும் தமிழ்ச் சிறார்க்கு வாரத்தில் ஒரு நாள், இரண்டரை மணி நேரம் தமிழ் கற்பிக்கப்படுகின்றது எனக் கொள்வோம். ஆண்டிற்கு ஏறத்தாழ 40 வாரங்கள்; ஆக 100 மணி நேரம். இதே பிள்ளை பகற்பாடசாலையில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் இருக்கின்றது. அக்கணக்கின்படி, நாம் ஓராண்டு முழுவதும் கற்பிப்பது பகற்பாடசாலையின் நான்கு வாரங்களுக்குக்கூட ஈடாகாது. இதற்குள் ஆத்திசூடி, பாட்டு, நாடகம், விழா ஒத்திகை யாவும் அடங்கவேண்டும். எனவே எழுத்தை எவ்வாறு அறிவிப்பது, எதனை முதலிற் கற்பிப்பது என்னும் வினாக்களைப் பெற்றோரும் நம்முடன் சேர்ந்து சிந்திக்கவேண்டியுள்ளது.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர்; எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லினர். கண்ணும் கையும் வாயும் காதும் ஒருங்கே தொழிற்பட்டன. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல் என்பவர் இம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிற் கைக்கொண்டார். முன்னர்க் கற்ற மாணவன் பின்னர் வந்தவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனுடன் இணைத்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்தெங்கும் பரவியது. 1820ஆம் ஆண்டில் தோமஸ் ரெடால் என்னும் மதகுரு அம்முறையைப் புகுத்தும் பொருட்டுச் சிட்னிக்கு வந்து சேர்ந்தார். ஆகவே தமிழ்ப் பிள்ளைகளின் மணலெழுத்து, தமிழர் பெருந்தொகையாக இங்கு குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மண்ணை எட்டியிருந்தது! தட்டொன்றில் மணலோ அரிசியோ பரப்பி எழுதுவித்தலை நாம் பழமை எனத் தள்ளவேண்டியதில்லை. பென்சிலை இறுகப் பிடிக்கவியலாத ஐந்து வயதுக் கைக்கு அது மிகவும் ஏற்றது.

எனினும் எழுத்துகளின் வரிசையைப் பொறுத்தவரை நமக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அகரம் முதல் ஒளகாரம் வரை பன்னிரண்டையும் முடித்து, பின்னர் மெய் பதினெட்டு, அதன் பின்னர் உயிர்மெய் 216, ஆய்தத்தோடு 247 என்று செல்வது நெடுங்கணக்கு முறை. அளபெடையை விடுத்தால் உயிரெழுத்துச் சொல்லின் முதலிலன்றி வாராது. ஆதலால் பன்னிரண்டையும் கற்ற பிள்ளை பல வாரங்கள் கழிந்தும் ஒரு சொற்றொடரையேனும் வாசிக்கவியலாது நிற்கின்றது. மாறாக, நேர்கோடுகள் மிகுந்த ட, ப, ம என்னும் மூன்றினையும் புள்ளியையும் முதலிற் கற்பித்தால், அன்றே படம், மடம், பட்டம், மட்டம் என வாசித்துவிடும். அடுத்த வாரம் துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாமா, பாப்பா கிடைக்கும். நெடுங்கணக்கைப் பாட்டாக வாயினாற் பாடட்டும். அகராதி பார்க்க அது பின்னர் உதவும். நியூ சவுத் வேல்ஸ் அரசப் பாடசாலைகளில் 2021 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் யாவரும் எழுத்தொலிச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றனர். எழுத்தை ஒலியாக்கிக் கூட்டி வாசிக்கும் பழக்கத்துடன் நம்மிடம் வரும் பிள்ளைக்கு இவ்வழி புதிதன்று.

இடர்ப்பாடுகள் வேறிடத்தில் உள்ளன. ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ பின்னே கேட்கின்றது. இடமிருந்து வலமாகக் கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பே. கொம்பைக் கண்டவுடன் வாயைத் திறவாமல் அடுத்த எழுத்தைப் பார்க்கும் பழக்கத்தைத் தனியே ஊட்டவேண்டும். அடுத்தது உகர வரிசை. பதினெட்டையும் தனித்தனியே மனனஞ் செய்விப்பது வீண் சுமை. கு, டு, மு, ரு, ழு, ளு ஓரினம். ஙு, சு, பு, யு, வு மற்றோரினம். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாம் இனம். இவ்வாறு வடிவம்பற்றிப் பிரித்துக் காட்டினால் இரண்டு மூன்று வகுப்புகளில் பிடிபட்டுவிடும்.

‘க’ ஒன்றே கடல், தங்கம், அகலம் என்பவற்றில் வெவ்வேறாக ஒலிப்பதும் பிள்ளைகளுக்கு வியப்பே. ஒரு நாளைக்கு ஒருமுறையேனும் “ஏன் இதற்கு வேறு எழுத்து இல்லை?” என்று யாராவது கேட்பர். இலக்கண விளக்கம் வேண்டாம். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மை, மெல்லினத்தின் பின் மென்மை என்று எடுத்துக்காட்டினால் போதும்.

ஊரிலிருந்து பெட்டியில் வந்த பழைய நூல்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் பெற்றோர் ஒன்றினைக் கவனிக்கவேண்டும். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன்னர் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற வடிவுடனும், ணா, றா, னா ஆகியவை சுழிந்தும் இருக்கும். மூன்றாம் வகுப்பிற்கு முன் அவற்றைக் காட்டாதிருத்தல் நன்று. அதன்பின் காட்டினால் விடுகதை போல் விரும்பிப் படிப்பர்.

நம் வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் அருகருகே அமர்கின்றனர். ஒருவர் வீட்டில் மெல்பேர்ண், மற்றவர் வீட்டில் மெல்போர்ன். “வீட்ட போறன்” என்பதும் “வீட்டுக்குப் போறேன்” என்பதும் தாளில் “வீட்டிற்குப் போகின்றேன்” ஆகவேண்டும். பேச்சைப் பிழையென்று கண்டித்தால் பிள்ளை பேச்சையும் விட்டுவிடும். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவிய ஆறுமுக நாவலர், படிமுறையாகப் பாலபாடங்களை ஆக்கியபோது அவற்றைப் பயின்ற பிள்ளைகளைச் சுற்றி எங்கும் தமிழே ஒலித்தது. நமக்கு அவ்வசதி இல்லை. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் 95,000 பேருக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அவர்தம் பிள்ளைகளுள் தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்றைத் தாமே வாசிக்க வல்லவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வீட்டளவில் எண்ணிப் பார்க்கலாம்.

இறுதியாக, பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். விழா மேடையில் பேசும் பிள்ளைக்குத் தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் பல இல்லங்களிற் காணப்படுகின்றது. பேச்சு சிறக்கும், கைதட்டலும் கிடைக்கும், நாம் மறுக்கவில்லை. ஆனால் ல, ள, ழ மூன்றும் அங்கே ஓரெழுத்தாகிவிடுகின்றன. ந, ன, ண நிலையும் அதுவே. தமிழெழுத்து இன்றியே காரியம் நடந்துவிடும் என்பதையும் பிள்ளை அன்று கண்டுகொள்கின்றது. மனனஞ் செய்த இரண்டு பக்கத்தைக் காட்டிலும், தானே வாசித்து விளங்கிய நான்கு வரியை நாம் பெரிதாக மதிக்கின்றோம். வரும் ஆண்டு விழாவிற்கு நான்கு வரிகளே போதும். நாளும் பத்து நிமிடம் அதனை வாசிக்கச் செய்க; தொலைபேசியில் பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். தாளைத் தாய் தந்தையர் எழுதாது பிள்ளையே தமிழில் எழுதட்டும். பிழைகள் இருப்பின் வகுப்பில் நாம் திருத்திக்கொள்வோம்.