இரண்டு பக்க நிரூபணம்: எண் கோட்பாடு படிக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய் எண் கோட்பாட்டில் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறாய். பேர்போன கடினமான நிரூபணங்களை எளிமையாக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். முழு நிரூபணத்தையும் தனக்குள் செரித்துக்கொண்டவர்களால்தான் அது முடிந்திருக்கிறது.

1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்று 1845-இல் பெர்ட்ராண்ட் ஊகித்தார். சில ஆண்டுகளில் செபிஷேவ் அதை நிரூபித்தார். 1919-இல் நம் ராமானுஜன் அதையே இரண்டு பக்கத்தில் முடித்தார். அது வெளிவந்தது இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில். அந்தக் கழகம் 1907-இல் வி. ராமசுவாமி ஐயரின் முயற்சியால் பிறந்தது உங்கள் ராயலசீமாவின் குத்தியில்தான். ராமானுஜன் சுருக்கியதோடு நிற்கவில்லை. x என்பது 2, 11, 17, 29, 41 ஆகியவற்றை எட்டினால், அதன் பாதிக்கும் அதற்கும் நடுவில் (x-ஐயும் சேர்த்து) முறையே 1, 2, 3, 4, 5 பகா எண்களாவது உண்டு என்றும் காட்டினார். நல்ல எளிமை பழையதைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

1932-இல் எர்டிஷ் என்ற 19 வயது இளைஞர் இன்னொரு வழி கண்டார். பேனாவை எடு. 20 பேரில் 10 பேரைத் தேர்ந்தெடுக்க 1,84,756 வழிகள். இதைப் பகா எண்களாக உடைத்தால் இரண்டு 2, பிறகு 11, 13, 17, 19. ஏன் 7 இல்லை? பின்னமாக எழுதினால், மேலே 20-இன் தொடர்பெருக்கத்தில் 7, 14 என இருமுறை வருகிறது. கீழே 10-இன் தொடர்பெருக்கம் இருமுறை இருப்பதால் அங்கும் இரண்டு 7. அடிபட்டுப் போகிறது. 10-க்குப் பதில் n, 20-க்குப் பதில் 2n என்று வைத்தாலும், n-இன் மூன்றில் இரண்டு பங்குக்கும் n-க்கும் இடைப்பட்ட பகா எண்களுக்கெல்லாம் இதே கதிதான். எனவே n-க்கும் 2n-க்கும் நடுவில் பகா எண்ணே இல்லையென்றால், இவ்வளவு பெரிய எண்ணைச் சின்னப் பகா எண்களை மட்டும் வைத்துக் கட்ட வேண்டியிருக்கும். n 4000-ஐத் தாண்டினால் அதற்கு வழியே இல்லை. அதற்குக் கீழே 2, 3, 5, 7, 13, 23, 43, 83, 163, 317, 631, 1259, 2503, 4001 என்ற வரிசை போதும். ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்புக்குள் அடங்குகிறது.

எல்லாமே இப்படி அமையாது. பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்று சொல்லும் தேற்றத்தை 1896-இல் ஹாடமார்டும் தெ லா வாலே பூசினும் கலப்பெண் பகுப்பாய்வைக் கொண்டு நிரூபித்தார்கள். 1949-இல் செல்பெர்க்கும் எர்டிஷும் அந்தக் கருவி இல்லாமலே நிரூபித்தார்கள்; ஆனால் படிப்பவருக்கு அது இன்னும் கடினம். 1980-இல் நியூமன் கலப்பெண்களையே மீண்டும் கையிலெடுத்துச் சில பக்கங்களில் முடித்தார். திருமலைக்கு அலிபிரி வழியாக 3,550 படி, ஸ்ரீவாரி மெட்டு வழியாக 2,388 படி. வழி மாறினாலும் மலையின் உயரம் மாறாது.

2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சோதிக்கும் வழியை அறிவித்தார்கள். முதல் வடிவம் பகுப்பாய்வு எண் கோட்பாட்டின் ஓர் ஆழமான முடிவை நம்பியிருந்தது. லென்ஸ்ட்ரா தந்த யோசனையால் அந்தத் தேவை நீங்கியது. 2004-இல் அச்சான வடிவத்தின் மையப் பகுதியைக் கல்லூரி மாணவரே தொடர்ந்து படிக்கலாம். அந்த ஆழமான முடிவு எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்று துல்லியமாகத் தெரிந்தவருக்குத்தான் அதை நீக்கவும் தெரிந்தது.

அடுக்கு n இரண்டைவிடப் பெரிதானால் xⁿ + yⁿ = zⁿ என்பதற்கு மிகை முழு எண் தீர்வு இல்லை என்னும் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்குக் குறுக்குவழி தேடும் ஆசை உனக்கும் வரும். 1995-இல் வெளியான வைல்ஸின் நிரூபணம் நூறு பக்கத்துக்கு மேல். சந்திரசேகர் கரேயும் விண்டன்பெர்கரும் 2009-இல் வெளியிட்ட சேர் என்ற கணிதவியலரின் ஊகத்துக்கான நிரூபணத்திலிருந்தும் ஃபெர்மா கிடைக்கிறது; அதுவும் வைல்ஸ் போட்ட அடித்தளத்தில் எழுந்ததுதான். உனக்கு நாலு பக்க நிரூபணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றினால், அடுக்கு 2 என்று போட்டுப் பார். அப்போதும் எந்த வரியும் இடறவில்லையென்றால் அது தவறு. ஏனெனில் 3, 4, 5 கண்ணெதிரே நிற்கிறது.

ஆகவே தம்பி, நீண்ட நிரூபணத்தை முழுதாகப் படி. ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் பயன்படுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள். பயன்படாத நிபந்தனையும், தேவைக்கு மீறிய கருவியும் தென்படும் இடத்தில்தான் உன் வேலை தொடங்குகிறது. பிறர் நிரூபித்ததை எளிமையாக்குவது இரண்டாந்தர வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதே. ராமானுஜனே செய்த வேலை அது.

முதலில் மேலே சொன்ன எர்டிஷ் வழியை இடைவெளி விடாமல் எழுதி முடி. சித்தூரில் இன்டர் படிக்கும் பிள்ளைக்குத் தெலுங்கிலும் தமிழிலும் புரியும்படி எழுது. அந்தப் பிள்ளை எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறதோ, அந்த வரியைத் திருத்து. அதன் பிறகு உன் சொந்தக் கணக்குக்கு வா.

அன்புடன்,
உன் பழைய கணக்கு வாத்தியார்