வென்றவர்களைப் பாடுவது

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நான்கு பாடல்களையும் கேட்டேன். ஃபெலா குட்டியில் ஊறிக் கிடக்கிறாய் என்று முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. நைஜீரிய ராணுவத்தை நேருக்கு நேர் கேலி செய்தவர். 1977இல் சிப்பாய்கள் அவர் வீட்டைக் கொளுத்தி, அவருடைய தாயை மாடி ஜன்னல் வழியே வீசினார்கள். மறு வருடம் அந்த அம்மா இறந்துபோனார். கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனாலும் கொஞ்ச நாள் அவரை விட்டுவிட்டு ஜிம்பாப்வேயின் தாமஸ் மாப்ஃபூமோவைக் கேள்.

ஜிம்பாப்வே ரொடீசியா என்ற பெயரில் வெள்ளையர் ஆட்சியில் இருந்த காலத்தில் ராக் அண்ட் ரோல் பாடிக்கொண்டிருந்தவர், 1970களில் ஷோனா மொழிக்குத் திரும்பினார். முன்னோர் ஆவிகளை அழைக்கும் சடங்குகளில் எம்பிரா என்றொரு வாத்தியம் வாசிப்பார்கள். பலகையில் பதித்த இரும்புத் தகடுகளை விரலால் மீட்டுவது. அதன் மெட்டுகளை அவருடைய குழுவினர் மின்கிட்டாருக்குக் கொண்டுவந்தார்கள், தந்தியை உள்ளங்கையால் லேசாக அமுக்கி. பாடகர் வாய் திறக்கும் முன்பே, விடுதலைப் போரில் இது யார் பக்கத்துப் பாட்டு என்று ஊருக்கு விளங்கிவிடும். வரிகளோ மறைபொருள். அப்படியும் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே அவரைச் சிறையில் வைத்தார்கள். உன் பாட்டில் கோபம் முழுவதும் வரிகளில்தான் இருக்கிறது. தாளமும் பேஸும் ஃபெலாவின் லாகோஸில் கடன் வாங்கியவை.

1980இல் விடுதலை வந்தது. எட்டு வருடத்தில், அமைச்சர்கள் அரசு ஆலையில் கார் வாங்கிக் கொள்ளை லாபத்துக்கு விற்ற ஊழல் வெடித்தது. மறு வருடமே ‘கரப்ஷன்’ என்று பெயர் வைத்துப் பாட்டுப் போட்டார் மாப்ஃபூமோ. விடுதலைப் போருக்குப் பாடிய அதே குரல், போரில் வென்றவர்களைப் பற்றி. கடைசியில் அமெரிக்கா போய்த்தான் வாழ நேர்ந்தது. அதிபர் முகாபே வீழ்ந்த பிறகு, 2018இல்தான் ஹராரேயில் மறுபடி மேடையேறினார்.

காங்கோவின் ஃபிராங்கோ எதிர்த்திசை. 1978இல் தன்னைச் சிறையில் தள்ளிய அதே அதிபர் மொபுட்டுவுக்காக 1984இல் தேர்தல் பாட்டுப் பாடினார், அதுவும் ஒரே வேட்பாளர் நின்ற தேர்தலில்! கிட்டார் வாசிப்பு என்னவோ அபாரம், அதுதான் வயிற்றெரிச்சல். உகாண்டாவின் பாபி வைன் கதை வேறு. 2021இல் அதிபர் பதவிக்கே போட்டியிட்டவர். அவர் பாட்டு பிரசாரமாக ஒலித்தால் நியாயம் உண்டு. நீ எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லையே.

நான்கு பாட்டிலும் திட்டு வாங்குவது நீ வாக்களிக்காத கட்சி. வாக்களித்த கட்சியைப் பற்றி ஐந்தாவதை எழுது. வரிகளைப் பிறகு பார்க்கலாம், வாத்தியத் தடத்தை மட்டும் முதலில் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்