ஆங்கிலம் அறிவோம்: சின்னச் சொல்லின் பெரிய வேலை

சில காலத்திற்கு முன் உரும்பிராயைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கடிதமொன்றுடன் எம்மிடம் வந்தார். வெளிநாட்டு அலுவலகம் ஒன்றிலிருந்து அவருக்கு வந்திருந்த பதில் அது. படுக்கையில் கிடக்கும் தாயாரைத் தாமே பராமரிப்பதால், குறித்த நாளில் நேர்முகத்திற்கு வர இயலாது என்று அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். வந்த பதிலோ, ‘உமது தாயார் எப்போது காணாமற் போனார்? பொலிசில் முறைப்பாடு செய்தீரா?’ என்று கேட்டிருந்தது.

அவர் எழுதிய வசனம் இதுதான்: ‘ஐ ஆம் லுக்கிங் ஃபோர் மை மதர்.’ ‘நான் என் தாயைத் தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்பது அதன் பொருள். ‘லுக்கிங் ஆஃப்ரர் மை மதர்’ என்று எழுதியிருக்க வேண்டும். வினை சரி, தாயும் சரி, இடையில் நின்ற சின்னச் சொல் ஒன்றுதான் மாறிவிட்டது. காணாமற் போனவர்களைத் தேடியலையும் குடும்பங்கள் பலவற்றை இந்த மண் கண்டிருக்கிறது. ஆகவே அப்பதிலை வாசித்தபோது எமக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்முகத்திற்கு வேறு நாள் பெற அவர் மேலும் மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.

இந்தச் சின்னச் சொற்களை ஆங்கிலத்தில் ‘பிறிப்பொசிஷன்’ என்பர். தமிழில் முன்னிடைச்சொல் எனலாம். இவற்றைக் கண்டு அஞ்சுவோர் பலர். வாசகர்களே, அஞ்சத் தேவையில்லை. இதே வேலையைத் தமிழில் நாம் நாள்தோறும் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

பின்னால் நிற்பது முன்னால் வருகிறது

வேற்றுமை எட்டு என்று நன்னூல் வழியே பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும்: அம்மாவுக்கு, அம்மாவோடு, அம்மாவிடமிருந்து. ஆங்கிலத்திலே அது பெயரின் முன்னே தனிச்சொல்லாக நிற்கும்: ‘ரு மதர்’, ‘வித் மதர்’, ‘ஃப்றொம் மதர்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலப் பெயர்ச்சொற்களும் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறியே வந்தன. காலப்போக்கில் அவ்வீறுகள் பெரும்பாலும் தேய்ந்து மறைய, அவற்றின் வேலையை முன்னிடைச்சொற்களும் சொற்கள் நிற்கும் வரிசையும் ஏற்றுக்கொண்டன.

ஆனால் ஓர் உருபுக்கு ஒரு சொல் என்று கணக்குப் பார்க்க முடியாது. உரும்பிராயில் வசிக்கிறோம்; கடை பலாலி வீதியில் இருக்கிறது; சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். தமிழில் மூன்றுக்கும் ‘இல்’ ஒன்றே. ஆங்கிலத்திலோ ‘இன் உரும்பிராய்’, ‘ஒன் பலாலி றோட்’, ‘அற் த ஜங்ஷன்’. ஊர் நம்மைச் சூழ்ந்திருப்பதால் ‘இன்’. வீதி நீண்டு கிடக்கும் கோடு ஆகையால் ‘ஒன்’. சந்தி ஒரு புள்ளி ஆகையால் ‘அற்’.

‘நானுக்கு’ என்போமா?

பேசப் பழகும் குழந்தை ‘நானுக்குத் தாங்கோ’ என்றால் வீட்டார் சிரித்துக்கொண்டே ‘எனக்கு’ என்று திருத்துவார்கள். உருபு சேரும்போது ‘நான்’ என்பது ‘என்’ ஆகிறது. ‘நீ’ என்பது ‘உன்’ ஆகிறது. ‘நாம்’ என்பது ‘நம்’ ஆகிறது. ஆங்கிலப் பிரதிப்பெயர்களும் இப்படியே மாறும். முன்னிடைச்சொல் வந்தால் ‘ஐ’ என்பது ‘மீ’ ஆகும். ‘ஹீ’ ‘ஹிம்’ ஆகும். ‘ஷீ’ ‘ஹேர்’ ஆகும். ‘வீ’ ‘அஸ்’ ஆகும். ‘தே’ ‘தெம்’ ஆகும். ‘யூ’, ‘இற்’ இரண்டும் மாறுவதில்லை.

ஆகவே ‘ஃபோர் ஐ’ என்பது ‘நானுக்காக’ என்பதற்குச் சமம். இருவரைச் சேர்த்துச் சொல்லும்போது படித்தவர்களும் தவறுவதுண்டு. ‘பிற்வீன் யூ அன்ட் ஐ’ பிழை. ‘பிற்வீன் யூ அன்ட் மீ’ சரி. ‘ஹீ கேம் வித் மை பிறதர் அன்ட் ஐ’ என்று எழுதிவிட்டுச் சந்தேகம் வந்தால், சகோதரனைச் சற்று நேரம் எடுத்துவிடுங்கள். ‘ஹீ கேம் வித் ஐ’ என்று வரும். பிழை உடனே தெரிந்துவிடும்.

வினையோடு கூடும்போது

‘விட்டுக்கொடு’ என்கிறோம். அதன் பொருள் விடுவதுமன்று, கொடுப்பதுமன்று. இரண்டும் கூடியபோது மூன்றாவதொரு பொருள் பிறந்திருக்கிறது. ஆங்கில வினைகளும் அவ்வாறே. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘கிவ் இன்’ என்றால் இணங்கிப் போ. ‘லுக் அற்’ பார். ‘லுக் ஃபோர்’ தேடு. ‘லுக் ஆஃப்ரர்’ பராமரி.

‘ப்ரே’ என்ற வினையையும் பாருங்கள். இறைவனை நோக்கி மன்றாடுவது ‘ப்ரே ரு’. ஒருவருக்காக மன்றாடுவது ‘ப்ரே ஃபோர்’. பரீட்சைக்குப் போகும் பேரன், ‘அம்மம்மா, ப்ரே ஃபோர் மீ’ என்று கேட்டால் ‘எனக்காக மன்றாடுங்கள்’ என்பது பொருள். ‘ப்ரே ரு மீ’ என்று கேட்டானானால், தன்னை நோக்கியே மன்றாடச் சொல்கிறான்! அவனைத் திருத்துவது அவசியம்.

பிரதிப்பெயருக்கு எந்த இடம்?

விளக்கை அணை என்பதற்கு ‘ஸ்விச் ஓஃப் த லைற்’ என்றும், ‘ஸ்விச் த லைற் ஓஃப்’ என்றும் கூறலாம். விளக்கின் இடத்தில் ‘இற்’ வந்தால் ஒரே வழிதான்: ‘ஸ்விச் இற் ஓஃப்’. ‘ஸ்விச் ஓஃப் இற்’ என்பது பிழை. ‘பிக் ஹிம் அப்’, ‘கிவ் இற் அப்’ என்பனவும் அத்தகையனவே. இங்கே ‘ஓஃப்’, ‘அப்’ என்பன வினைக்கே உரியவை. ஆகவே பிரதிப்பெயர் இடையில் நுழைகிறது.

‘லுக் ஆஃப்ரர் ஹேர்’, ‘வெயிற் ஃபோர் மீ’, ‘லிஸின் ரு அஸ்’ என்பவற்றில் சின்னச் சொல் பிரதிப்பெயருக்கு முன்னிடைச்சொல்லாக நிற்கிறது. ஆகவே அதன் முன்னேதான் வர வேண்டும். ‘லுக் ஹேர் ஆஃப்ரர்’ என்று ஒருபோதும் கூறலாகாது.

தமிழ் தடுமாற வைக்கும் இடங்கள்

‘எனக்குச் சொல்’ என்று தமிழில் உருபு இருப்பதால் ‘ரெல் ரு மீ’ என்று எழுதிவிடுகிறோம். ‘ரெல் மீ’ என்பதே சரி. ஆனால் ‘எனக்கு விளங்கப்படுத்து’ என்பதற்கு ‘ரு’ வேண்டும்: ‘எக்ஸ்பிளெயின் இற் ரு மீ’. ‘அவளோடு கலியாணம்’ என்ற பழக்கத்தால் ‘மறீட் வித் ஹேர்’ என்பர். ‘மறீட் ஹேர்’ போதும். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுற்’ வேண்டியதில்லை. ‘நாய்க்குப் பயம்’ என்பதை ‘அஃப்றெயிட் ஒவ் த டோக்’ என்றே கூற வேண்டும். அங்கே ‘ரு’ வராது.

வீட்டில் செய்யக்கூடியது

வினையைத் தனியாகவும் சின்னச் சொல்லைத் தனியாகவும் மனனம் செய்வதால் பயனில்லை. ஒரு கொப்பியில் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்: ‘வெயிற் ஃபோர் மீ’, ‘லுக் அற் மீ’, ‘லிஸின் ரு மீ’. ‘எனக்கு’ என்பதை நாம் சிறுவயதில் இலக்கணம் படித்தா கற்றோம்? ஒரே சொல்லாகக் கேட்டு, ஒரே சொல்லாகவே பேசினோம். இதுவும் அவ்வாறே நாவில் ஏறும்.

இன்று உரும்பிராயில் அம்மம்மா இருக்க, பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளர்கிறார்கள். தமிழை மறவாதிருக்க அவர்களுக்கு நாம் உதவ வேண்டும். அதுவரை அவர்கள் பேசும் மொழியிலும் சில வார்த்தை பேசத் தெரிந்திருந்தால், தொலைபேசியில் இரு பக்கமும் மௌனம் குறையும். இளைஞர் எழுதிய கடிதம் போன்றவை திரும்பி வருவதும் குறையும்.

பயிற்சி: பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து ஆங்கிலத்திற் கூறிப் பாருங்கள்.

1. என்னைப் பார்.
2. எங்களுக்காகக் காத்திரு.
3. நான் அவரைப் பராமரிக்கிறேன்.
4. அதை அணைத்துவிடு.
5. அவளுக்கு அதை விளங்கப்படுத்து.

விடைகள்: 1. லுக் அற் மீ. 2. வெயிற் ஃபோர் அஸ். 3. ஐ லுக் ஆஃப்ரர் ஹிம். 4. ஸ்விச் இற் ஓஃப். 5. எக்ஸ்பிளெயின் இற் ரு ஹேர்.