மடக்குக் கத்தியின் விலையும் கூர்மையும்

நம்பிக்கை: விலை கூடிய கத்தியே கூர்மை கூடியது.

உண்மை: கூர்மை என்பது விளிம்பு எவ்வளவு மெல்லியதாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்ததாகையால், மலிவான எஃகிலும் முகமயிரை மழிக்கும் அளவுக்கு அதனை ஏற்றிவிட முடியும். பிரான்சின் சவாய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய, மரப்பிடி கொண்ட எளிய மடக்குக் கத்தி இன்றும் மலிவானவற்றுள் ஒன்றாகவே விற்கப்படுகிறது. ஆயினும் அதன் அலகு, அதாவது வெட்டும் தகடு, மெல்லியதாக இருப்பதால், பல மடங்கு விலையுள்ள தடித்த அலகுகளைவிட எளிதாகப் பழத்தை அரிகிறது.

விலை கூடும்போது பெரும்பாலும் கூடுவது அந்தக் கூர்மை நிலைத்திருக்கும் காலமே. அமெரிக்காவில் 2001-இல் அறிமுகமான எஸ்30வி என்னும் எஃகில் கரிமம் ஏறத்தாழ 1.45 விழுக்காடும், குரோமியம் 14 விழுக்காடும், வனேடியம் 4 விழுக்காடும் உள்ளன. இத்தகைய கலவையை வழக்கம்போல் வார்த்தால், மெல்ல ஆறும் உலோகத்தில் கார்பைடுகள், அதாவது கரிமமும் பிற உலோகங்களும் சேர்ந்த மிகக் கடினமான துகள்கள், பெரிதாக வளர்ந்து திரண்டு எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். எனவே உருகிய எஃகை வளிமப் பீச்சலால் நுண்துளிகளாகச் சிதறடித்து, அவை நொடியில் உறைந்து பொடியானபின், அப்பொடியைக் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக இறுக்குகின்றனர். இம்முறையே செலவு மிக்கது. அதோடு, வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணையிலுள்ள அலுமினியம் ஆக்சைடையும் விஞ்சும் கடினமுடையது என்பதால், அலகைத் தேய்த்து உருவாக்க அதிக நேரமும் அதிகச் சாணைப் பட்டைகளும் தேவைப்படுகின்றன. வாங்கியவரும் அதனைத் தீட்டுவதற்கு வைரத்துகள் பதித்த தீட்டுப்பலகையை நாடவேண்டியிருக்கும் என்பதை விற்பனையாளர் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நம்பிக்கை: அலகில் பொறித்த எஃகின் பெயரே தரத்தைக் காட்டிவிடும்.

உண்மை: அதே எஃகு, சூடாக்கி விரைந்து குளிர்விக்கும் தோய்ச்சலிலும் அதன்பின் மிதமாக மீண்டும் சூடாக்கி நொறுங்குதன்மையைத் தணிக்கும் படியிலும் பிழைபட்டால், மடங்கும் மென்மையையோ தெறிக்கும் விறைப்பையோ அடைந்துவிடும். 1964-இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் கொண்டுவந்த 110 என்னும் மடக்குக் கத்தி, பல ஆண்டுகளாக 420 எச்.சி. என்ற எளிய, மலிவான எஃகில் செய்யப்பட்டும் நற்பெயரை இழக்காததற்குக் கவனமான வெப்பப் பதனமே முதற்காரணம். கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பை எந்தப் பொறிப்பும் சொல்வதில்லை.

நம்பிக்கை: பூட்டு எல்லாக் கத்திகளிலும் ஒன்றுதான்.

உண்மை: விரித்த அலகு வெட்டும்போது விரல்மேல் மடங்காமல் காப்பது பூட்டே. கிறிஸ் ரீவ் வடிவமைத்த செபென்சா கத்தியில், டைட்டானியப் பிடியின் ஒரு பகுதியே வில்லாக வளைந்து அலகின் அடியைத் தாங்குகிறது. அவ்விரு பரப்புகளும் மிக நுண்ணிய அளவில் பொருந்தாவிடில் அலகு ஆடும், அல்லது பூட்டு நழுவும் என்பதால், கடைவதற்குக் கடினமான அவ்வுலோகத்தை அத்துணைத் துல்லியமாகச் செதுக்கும் செலவு விலையில் ஏறுகிறது. எனினும் ஒப்பினெல் கத்தியில் 1955-இல் சேர்க்கப்பட்ட சுழலும் உலோக வளையம், மிகக் குறைந்த செலவில் அதே காவலைத் தருவதால், பாதுகாப்புக்குப் பெருந்தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்று வாதிட இடமில்லை.

நம்பிக்கை: அலையலையான வரிகளுள்ள ‘டமாஸ்கஸ்’ அலகு பழங்கால எஃகின் வலிமையுடையது.

உண்மை: தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி ஏற்றுமதியான பழைய எஃகில் வரிகள் ஒரே எஃகுக்குள் கார்பைடுகள் அணிவகுத்ததால் தோன்றின, இன்றைய அலகுகளிலோ இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்து இணைத்து, அமிலத்தில் தோய்த்து வரிகளை வெளிப்படுத்துகின்றனர். அக்கூடுதல் விலை கொல்லரின் உழைப்புக்கும் அழகுக்கும் உரியது. வெட்டுந்திறன் அடுக்கப்பட்ட அவ்விரு எஃகுகளையும் அவற்றின் தோய்ச்சலையும் விளிம்பின் மெல்லிமையையுமே சார்ந்திருக்கும்.