ஹோல்ட்டர் மாட்டினால் படுக்காதீர்கள்

24 மணி நேரம் நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால், படுத்திருக்கிற நெஞ்சு எப்படித் துடிக்கும் என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. செம்பூரிலிருந்து நாத்தனார் வந்து, "ஒயரெல்லாம் ஒட்டியிருக்கு, நீ அசையவே கூடாது" என்று என்னை அடுக்களைப் பக்கமே விடவில்லை. வீட்டுக்காரரும் ஆமாம் போட்டார். ரிப்போர்ட் நார்மல். "பாத்தியா, எல்லாம் மனசுதான்" என்று குடும்பமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்குப் படபடப்பு வருவது குனிந்து தண்ணீர் வாளியைத் தூக்கி நிமிரும்போது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய காய்ப்பையோடு மூன்று மாடி ஏறும்போது. அதை யார் கேட்டார்கள்? அந்த மழைக்காலம் முழுக்க, எது சொன்னாலும் பயந்தாங்கொள்ளி என்ற பேர்தான் கிடைத்தது.

படுத்திருப்பவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுக்க மெஷின் ஹோல்ட்டர் கருவி வருவதற்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர் 1940-களின் கடைசியில் 38 கிலோ கருவியை முதுகில் சுமந்ததே, ஆள் நடமாடும்போது நெஞ்சு என்ன செய்கிறது என்று பார்க்கத்தான். இன்று அது மொபைலை விடச் சின்னது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடப்பது என்ன நியாயம்? டாக்டர் தடை சொல்லாத வரை தினம் செய்கிற வேலை எல்லாவற்றையும் செய்யுங்கள். அன்றைக்கென்று யாரையும் உதவிக்குக் கூப்பிடாதீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். குளித்துவிட்டுப் போங்கள், கழற்றும்வரை தண்ணீர் படக்கூடாது. எண்ணெய், பவுடர் வேண்டாம். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை. மொபைலைக் கருவியோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வியர்வை மட்டும் சின்ன விஷயமில்லை. எங்கள் வடாலா புழுக்கத்தில், ஒயரை நெஞ்சோடு ஒட்டும் பட்டை மதியத்துக்குள் ஓரம் கிளம்பிவிடும். எனக்கு முதல் தடவை மாட்டிவிட்ட பையன் தோலைத் துடைக்கக்கூட இல்லை. இரண்டாம் தடவை நானே கேட்டேன்: ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, மேலே டேப் போடச் சொன்னேன். உபரிப் பட்டைகளும் கேட்டு வாங்கினேன். ஆண்கள் மார்பு முடியை எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது டைரி. ஒரு நாளில் நெஞ்சு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. கோளாறு வருவது சில வினாடிகள். படபடப்பு வந்தால் கருவியில் உள்ள பட்டனை அமுக்கி, மணியையும் செய்துகொண்டிருந்த வேலையையும் உடனே எழுதுங்கள். 'சாயங்காலம் ஒரு மாதிரி இருந்தது' என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. நான் எழுதியது: '6.40, வாளி தூக்கினேன், தொண்டையில் துடிப்பு.' ரிப்போர்ட்டில் அதே 6.40-க்கு எஸ்.வி.டி.; நிமிஷத்துக்கு 170-க்கு மேல்! இதயத்துக்குள் மின்சாரம் குறுக்கு வழி பிடித்துச் சுற்றுவதாம். மனசு இல்லை. மாத்திரை ஆரம்பித்தார்கள், அதற்கு அடங்காவிட்டால் அந்தக் குறுக்கு வழியைச் சுட்டு மூடும் அப்லேஷன் இருக்கிறது என்றார் டாக்டர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சாதாரண ஹோல்ட்டர் பதிவு மட்டுமே செய்யும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் கருவியோடே கேஷுவாலிட்டிக்கு ஓடுங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவைதான் படபடப்பு வருகிறதென்றால் 24 மணி நேரத்தில் சிக்குவது அதிர்ஷ்டம். ஒரு நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி வீட்டில் வாயடைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் இருக்கிறது. அது உங்களுக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட் வாங்கும்போது முதல் பக்கத்தோடு திரும்பிவிடாமல், பட்டன் அமுக்கிய நேரத்து வரைபடங்களையும் சேர்த்து வாங்குங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.